ஹீட்சிங்க் வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

2017-இல் ஏஎம்டி நிறுவனம் எபிக் வரிசையோடு சர்வர் சந்தைக்குள் மறுபடி நுழைந்தபோது, அதன் உச்ச மாடலான 7601-இல் 32 கோர்கள் இருந்தன. அது கக்கும் சூடு 180 வாட். 2024 அக்டோபரில் வந்த எபிக் 9965-இல் 192 கோர்கள். சூடு 500 வாட். இன்டெலும் சளைக்கவில்லை. 2017-இன் ஜியான் பிளாட்டினம் 8180 என்ற பிராசசருக்கு 205 வாட் என்றால், 2024-இன் ஜியான் 6980பி-க்கு 500 வாட். ஏழே ஆண்டுகளில் சூடு ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிட்டது. அதைத் தாங்க வேண்டிய பெட்டி மட்டும் வளரவே இல்லை. சர்வர் ரேக்கில் உயரத்தின் அளவான ஒரு ‘யு’ என்பது அன்றும் 44.45 மில்லிமீட்டர்தான், இன்றும் 44.45 மில்லிமீட்டர்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது ஹீட்சிங்க் என்ற உலோகக் கட்டி. சர்வரின் விலை லட்சங்களில் இருக்கும். ஹீட்சிங்கின் விலை சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அதனாலோ என்னவோ, பிராசசர், மெமரி, ஹார்டு டிஸ்க் எல்லாம் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு கடைசியாகத்தான் அதன் நினைப்பு வருகிறது. தப்பானதை மாட்டிவிட்டால் உடனே எதுவும் வெடித்துவிடாது. இன்றைய பிராசசர்கள் வெப்ப எல்லையைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. கருகிப் போனாலாவது காரணம் தெரிந்துவிடும். இது சத்தமில்லாமல் மந்தமாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பகுதி கைக்கு வராமலே போகும். உரிமையாளரோ மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஹீட்சிங்கின் வேலை என்ன? குளிர்விப்பது என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் அது சூட்டை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். சில்லில் பிறக்கும் வெப்பம் மேலே இருக்கும் உலோக மூடிக்கும், அதன் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட்டுக்கும், ஹீட்சிங்கின் அடித்தட்டுக்கும், அங்கிருந்து மெல்லிய தகடுகளுக்கும் போய், கடைசியில் காற்றில் ஏறுகிறது. இந்த வழியில் எங்கே தடங்கல் இருந்தாலும் பின்னால் இருப்பது எல்லாம் சூடாகும். அந்தத் தடங்கலைப் பொறியாளர்கள் ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள்: ஒரு வாட் சூட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதே வெப்பத்தடை.

கணக்கு எளிது. பிராசசர் மூடியின் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். ஹீட்சிங்கைத் தொடும் காற்று 35 டிகிரி. இடைவெளி 45. பிராசசர் 225 வாட் என்றால் 45-ஐ 225-ஆல் வகுக்க வேண்டும். ஒரு வாட்டுக்கு 0.2 டிகிரி வரை தாங்கலாம். அதே இடத்தில் 360 வாட் பிராசசரை வைத்தால் 0.125 டிகிரிதான் மிச்சம். வெப்பத்தடையில் இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கொண்டுவருவதற்குத்தான் செம்பும் வெப்பக் குழாயும் விசிறியும் இவ்வளவு பாடுபடுகின்றன.

கணக்கில் 35 டிகிரி என்று போட்டதைக் கவனிக்க வேண்டும். அறையின் ஏசி 24 டிகிரி காட்டலாம். ஆனால் அந்தக் காற்று சர்வரின் முகப்பில் வரிசையாக இருக்கும் டிஸ்க்குகளைக் கடந்துதான் பிராசசரை அடைகிறது. போகிற வழியிலேயே பல டிகிரி ஏறிவிடும். அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பு டேட்டா சென்டர்களுக்குப் பரிந்துரைக்கும் 18 முதல் 27 டிகிரி என்பது சர்வர் வாயில் நுழையும் காற்றுக்கானது. உள்ளே நிலவரம் வேறு.

அடுத்தது, டிடிபி என்ற எண். குளிர்விக்கும் ஏற்பாட்டை வடிவமைப்பவருக்காகப் பிராசசர் நிறுவனம் தரும் அளவு அது. அதை வாசலில் எழுதி வைத்த உச்சவரம்பு என்று எடுத்துக்கொள்வது தவறு. இன்டெல் சில்லுகள் டர்போ வேகத்தில் ஓடும்போது கொஞ்ச நேரத்துக்கு டிடிபியைத் தாண்டுவது வழக்கம். எபிக் 9654-இன் டிடிபி 360 வாட். ஆனால் பயாஸில் அதை 320 முதல் 400 வரை மாற்றி வைக்கலாம். யாரோ ஒருவர் 400-க்கு ஏற்றி வைத்த சர்வருக்கு 360-ஐ நம்பி ஹீட்சிங்க் வாங்கினால் இடிக்கும். இன்னொரு பக்கம், ஹீட்சிங்க் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் ‘இத்தனை வாட் வரை’ என்ற எண்ணும் அதைத் தயாரித்தவர் தன் சோதனைக்கூடத்தில் வைத்துக்கொண்ட காற்றோட்டத்துக்கும் அறை வெப்பத்துக்கும் மட்டுமே பொருந்தும். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் இதனாலேயே தன் குளிர்விப்பான்களுக்கு வாட் கணக்குச் சொல்வதில்லை. தனக்கென ஒரு தரமதிப்பெண் வைத்து ஒப்பிடச் சொல்கிறது. நேர்மையான போக்கு. மற்றவர்களும் பின்பற்றினால் நல்லது.

ஹீட்சிங்கைத் தனிப்பொருளாகப் பார்ப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. அது பாதிக் கருவி மட்டுமே. மீதிப் பாதி பெட்டியில் ஓடும் காற்று. 350 வாட் சூட்டை, காற்றின் வெப்பம் 15 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியேற்ற நொடிக்குச் சுமார் 20 லிட்டர் காற்று தேவை. வீட்டு வாசலில் வந்து இறங்கும் தண்ணீர் கேன் ஒன்றின் கொள்ளளவு அது. நொடிக்கு ஒரு கேன் காற்று, அதுவும் ஒரே ஒரு பிராசசரின் தகடுகளுக்கு ஊடே போக வேண்டும். இரண்டு பிராசசர் உள்ள சர்வரில் இரண்டு கேன். பக்கத்தில் சந்து கிடைத்தால் காற்று அந்த வழியில் ஓடிவிடும். அது வேறு கதை, பின்னால் வருகிறது.

சர்வர் ஹீட்சிங்குகளில் பெரும்பாலானவற்றில் விசிறி இருக்காது. வெறும் உலோகம். பெட்டியின் நடுவில் வரிசையாக நிற்கும் விசிறிகள்தான் காற்றைத் தள்ளும். ஒரு யு பெட்டியில் அவை 40 மில்லிமீட்டர் விசிறிகள். நிமிடத்துக்கு 15,000, 20,000 சுற்று என்று அலறும். அந்த வேகத்தை நம்பித்தான் ஒரு யு ஹீட்சிங்கின் தகடுகள் சீப்புப் பற்களைவிட நெருக்கமாக அமைக்கப்படுகின்றன. பழைய சர்வர் பாகங்களை மலிவாக வாங்கி வீட்டிலேயே சர்வர் கட்டுபவர்கள் விழும் குழி இதுதான். ஜியான் பிராசசரோடு கிடைத்த ஒரு யு ஹீட்சிங்கை அப்படியே ஒரு டவர் கேபினெட்டில் மாட்டி, முன்னால் அமைதியான 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை வைக்கிறார்கள். விசிறி சுற்றும், காற்றும் வரும், ஆனால் தகடுகளுக்கு உள்ளே நுழையாது. நெருக்கமான தகடுகளுக்குள் காற்றை ஏற்ற வேகம் மட்டும் போதாது, அழுத்தம் வேண்டும். மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிக்கு அந்த அழுத்தம் கிடையாது.

விசிறி தொடர்பாக இன்னொரு கணக்கும் உண்டு. விசிறியின் சுற்று இரட்டிப்பானால் காற்றும் இரட்டிப்பாகும். அழுத்தம் நான்கு மடங்காகும். தின்னும் மின்சாரமோ எட்டு மடங்கு. தலைகீழாகப் பார்த்தால், நல்ல ஹீட்சிங்க் கிடைத்து விசிறியைப் பாதி வேகத்தில் ஓட்ட முடிந்தால் அதன் மின்செலவு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆயிரக்கணக்கில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது சில்லறைக் காசு இல்லை. ஃபேஸ்புக் நிறுவனம் 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் பிரைன்வில் டேட்டா சென்டருக்காகத் தான் வடிவமைத்த சர்வரின் வரைபடங்களை ஓப்பன் கம்ப்யூட் திட்டத்தின் பெயரில் எல்லோருக்கும் திறந்து வைத்தது. அந்தப் பெட்டியின் உயரம் ஒரு யுவும் இல்லை, இரண்டு யுவும் இல்லை, ஒன்றரை யு. கூடுதலாகக் கிடைத்த அந்த அரை யுவில் உயரமான ஹீட்சிங்கும், 40-க்குப் பதில் 60 மில்லிமீட்டர் விசிறியும் உட்கார்ந்தன. ஹீட்சிங்குக்காகப் பெட்டியையே மாற்றினார்கள். எல்லோராலும் அது முடியாது என்றாலும், யோசனை எந்தப் பக்கமிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

பெட்டியை மாற்ற முடியாதவர்கள் உயரத்தை அளந்துதான் வாங்க வேண்டும். ஒரு யுவில் ஹீட்சிங்குக்குக் கிடைப்பது 25 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு யுவில் 60 சொச்சம் வரை போகலாம். நான்கு யு பெட்டியின் வெளி உயரம் 178 மில்லிமீட்டர் என்பதைப் பார்த்து, 165 மில்லிமீட்டர் உயரமுள்ள நாக்டுவா என்எச்-யு14எஸ் உள்ளே போய்விடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டியின் தகடு, போர்டைத் தாங்கும் கால்கள், போர்டு, சாக்கெட், அதன் மேல் பிராசசர் எல்லாம் சேர்ந்து மீதி இடத்தைத் தின்றுவிடும், மூடி மூடாது. நான்கு யுவுக்கென்றே அதே நிறுவனம் 125 மில்லிமீட்டரில் யு9 வகையைச் செய்கிறது.

சாக்கெட் விஷயத்தில் பெயரை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். பழைய சர்வர் சந்தையில் இன்றும் கிடைக்கும் ஜியான் இ5 பிராசசர்களின் எல்ஜிஏ 2011 சாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். சாக்கெட் ஒன்றுதான், ஆனால் அதைச் சுற்றி ஹீட்சிங்கைப் பூட்டும் துளைகள் இரண்டு வகை. ஒன்றில் துளைகள் 80-க்கு 80 மில்லிமீட்டர் சதுரமாக இருக்கும். இன்னொன்றில் 56-க்கு 94 என்று ஒடுங்கி நீண்டிருக்கும். மெமரி வரிசைகளை நெருக்கமாக வைக்க வேண்டிய போர்டுகளுக்காக வந்த வகை அது. ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் ஏறாது. அதன் பின் வந்த எல்ஜிஏ 3647-இலும் இந்த இரட்டை வழக்கம் தொடர்ந்தது. அந்தச் சாக்கெட்டில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பிராசசரைச் சாக்கெட்டில் வைத்து மேலே ஹீட்சிங்கைப் பூட்டும் வழக்கத்துக்கு மாறாக, ஒரு பிளாஸ்டிக் சட்டத்தின் உதவியால் பிராசசரை முதலில் ஹீட்சிங்கின் அடியில் பொருத்தி, பிறகு இரண்டையும் ஒன்றாகச் சாக்கெட்டில் இறக்க வேண்டும். அந்தச் சட்டம் இல்லாமல் ஹீட்சிங்க் மட்டும் கைக்கு வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

ஏஎம்டி பக்கம் எஸ்பி3, எஸ்பி5, எஸ்பி6 என்று மூன்று. பெயரில் ஓர் எண்தான் வேறு. எஸ்பி3-இல் 4,094 தொடுமுனைகள், எஸ்பி5-இல் 6,096, எஸ்பி6-இல் 4,844. எஸ்பி5-க்கான ஹீட்சிங்கும் மற்றவற்றுக்கானதும் ஒன்றில்லை.

பூட்டினால் மட்டும் போதாது, மூடவும் வேண்டும். 2017 ஆகஸ்டில் ஏஎம்டி தன் திரெட்ரிப்பர் பிராசசரை வெளியிட்டபோது இது பளிச்சென்று தெரிந்தது. எபிக்கின் எஸ்பி3 அளவிலேயே வந்த பிராசசர் அது, 58.5-க்கு 75.4 மில்லிமீட்டர், உள்ளங்கையை நிரப்பும் அளவு. ஏற்கெனவே சந்தையில் இருந்த வட்டத் தலை நீர்க் குளிர்விப்பான்களைப் பொருத்திக்கொள்ள வசதியாக ஏஎம்டி பெட்டியிலேயே ஒரு பிடிச்சட்டத்தையும் போட்டுக் கொடுத்தது. பொருந்தியது, ஆனால் சின்ன பிராசசர்களுக்காக வார்த்த அந்த வட்டத் தகடு மூடி முழுவதையும் தொடவில்லை. எபிக் குடும்பத்தில் சில்லு ஒரே துண்டாக நடுவில் இல்லை. பல துண்டுகளாகப் பரவிக் கிடக்கிறது. 2019-இன் இரண்டாம் தலைமுறையிலிருந்து நடுவில் ஒரு பெரிய துண்டும் சுற்றிலும் எட்டு வரை சிறு துண்டுகளும். சூடு பிறப்பது ஓரங்களில் என்னும்போது நடுப்பகுதியை மட்டும் தொடும் ஹீட்சிங்க் என்ன செய்ய முடியும்? பிறகு முழு மூடியையும் மறைக்கும் அகல அடித்தட்டோடு தனி மாடல்கள் வந்தன. பெரிய பிராசசருக்கு ஹீட்சிங்க் வாங்கும்போது அடித்தட்டின் அளவைக் கேட்டுவிட்டுத்தான் விலை கேட்க வேண்டும்.

திசை என்று ஒன்று இருக்கிறது. சர்வரில் காற்று முன்னாலிருந்து பின்னால் போகும். தகடுகளும் அதே திசையில் நிற்க வேண்டும். எபிக் போர்டுகளில் சில சாக்கெட்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்திருக்கின்றன. டவர் கேபினெட்டுக்காகச் செய்த ஹீட்சிங்கை அதில் பூட்டினால், விசிறி பெட்டியின் காற்றோட்டத்துக்குக் குறுக்காக ஊதும். செவ்வக மூடி என்பதால் ஹீட்சிங்கைத் திருப்பிப் பூட்டவும் வழியில்லை. வாங்கும் முன் போர்டின் படத்தை ஒருமுறை பார்த்தாலே தவிர்க்கக்கூடிய தலைவலி இது.

செம்பா, அலுமினியமா? செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். எடையோ மூன்று மடங்குக்கும் மேல். அதனால் அடித்தட்டு செம்பிலும் தகடுகள் அலுமினியத்திலும் இருப்பது பொது வழக்கம். உயரமே இல்லாத ஒரு யுவில் மட்டும் முழுச் செம்பு ஹீட்சிங்குகள் நிறையத் தென்படும். ஆனால் உலோகத்தைவிடப் பெரிய வேலையைச் செய்வது இடையில் ஓடும் வெப்பக் குழாய்கள்தான். மூடிய செம்புக் குழாய். உள்ளே கொஞ்சம் நீர். காற்று உறிஞ்சி எடுக்கப்பட்டிருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் போய், அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி நீராகும். குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் படலம் அதைத் திரும்ப இழுத்து வரும். மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டியபோது மனதில் இருந்தது விண்வெளிக் கலங்கள். இதையே குழாயாக இல்லாமல் தட்டையான பெட்டியாகச் செய்தால் அது ஆவி அறை. பரவலாகச் சூடாகும் பெரிய பிராசசர்களின் அடித்தட்டுக்கு அதுவே பொருத்தம். ஒரு யு பெட்டியில் 300 வாட்டுக்கு மேல் சமாளிக்கும் ஹீட்சிங்குகள் வெப்பக் குழாய்களைப் பக்கவாட்டில் நீட்டி, பிராசசரைத் தாண்டிக் காலியிடத்தில் இன்னொரு தகட்டுக் கூட்டத்தையே வைத்துவிடுகின்றன.

இரண்டு பிராசசர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் சர்வர்களில் வஞ்சிக்கப்படுவது பின்னால் இருப்பதுதான். முன்னதன் சூட்டைச் சுமந்து வரும் காற்றுதான் அதற்குக் கிடைக்கும். ஆகவே முன்னால் தகடுகளுக்கு இடையே அகன்ற இடைவெளியுள்ள ஹீட்சிங்கையும் பின்னால் நெருக்கமானதையும் வைக்கிறார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தூசு தட்டக் கழற்றியவர் மாற்றிப் பூட்டிவிட்டால் பின்பக்கத்துப் பிராசசரின் வெப்பம் ஏறும். கழற்றும்போதே எது எங்கே என்று எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

தெர்மல் பேஸ்ட்டின் வேலை இரண்டு உலோகங்களுக்கு இடையே உள்ள நுண்பள்ளங்களை நிரப்புவது. அதற்கு மேல் தடவினால் அதுவே தடை. திருகுகளை வரிசை எண் பார்த்து, சொன்ன முறுக்கு விசையில் இறுக்க வேண்டும். திரெட்ரிப்பர் பெட்டியில் ஏஎம்டி 1.5 நியூட்டன் மீட்டரில் ‘கிளிக்’ என்று நின்றுவிடும் திருப்புளி ஒன்றையே சேர்த்துக் கொடுத்தது, இதில் கைக்கணக்கு எடுபடாது என்பதால்தான்.

இடமும் கணக்கில் உண்டு. ஊட்டி போல 2,200 மீட்டர் உயரமுள்ள ஊரில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் அது சுமந்து செல்லும் வெப்பமும் குறையும். ஆஷ்ரேயின் ஏ2 வகைச் சர்வர்களுக்கு அறை வெப்பம் 35 டிகிரி வரை அனுமதி; 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அதில் ஒரு டிகிரி கழிக்க வேண்டும். சென்னையில் ஏசி இல்லாத அலுவலக மூலையில் மே மாதம் சர்வரை வைப்பவர் மலையேறாமலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

காற்றின் திறன் எங்கோ ஓரிடத்தில் முடியத்தான் செய்யும். மியூனிக் அருகே உள்ள லைப்னிட்ஸ் கணினி மையம் 2012-இல் சூப்பர்மக் கணினியில் வெதுவெதுப்பான நீரையே பிராசசர் வரை கொண்டு போனது. வெளியேறும் சூடு கட்டடங்களைக் கதகதப்பாக்கப் பயன்பட்டது. கூகுள் தன் மூன்றாம் தலைமுறை டிபியு என்ற ஏஐ சில்லுகளுக்கு 2018-இல் நீர்க் குளிர்ச்சிக்கு மாறியது. 700 வாட்டைத் தொடும் ஏஐ சில்லுகள் பெருகப் பெருக இந்த வரிசை நீள்கிறது. ஆனாலும் சாதாரண அலுவலகம், கல்லூரி, சிறு நிறுவனம் வைத்திருக்கும் இரண்டு யு சர்வருக்கு நீர் தேவையில்லை. சரியான ஹீட்சிங்கும் அடைபடாத காற்றும் போதும்.

பழைய சர்வர் வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஹீட்சிங்கின் பாக எண். பல சர்வர்களுக்கு அவற்றைத் தயாரித்த நிறுவனமே சாதாரணம், உயர்திறன் என்று இரண்டு ஹீட்சிங்குகளைச் செய்கிறது. எந்தப் பிராசசருக்கு எது, அதற்கு எந்த விசிறி, எத்தனை டிகிரி அறை என்ற அட்டவணை சர்வரின் கையேட்டில் இருக்கும். சின்ன பிராசசரோடு வாங்கிப் பிறகு பெரியதாக மாற்ற நினைப்பவர் ஹீட்சிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாவது, பிராசசர்களுக்கு மேல் கவிழ்ந்திருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் காற்றுத் தடுப்பும், காலி மெமரி இடங்களை அடைக்கும் போலித் தகடுகளும் கூட வருகின்றனவா என்பது. குப்பை என்று நினைத்துப் பலரும் தூக்கிப் போட்டுவிடும் பொருள்கள் இவை. அவை இல்லாவிட்டால் நொடிக்கு ஒரு கேன் காற்றும் பக்கத்துச் சந்துகளில் ஓடிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஹீட்சிங்கானாலும் அதன் தகடுகளுக்குள் காற்று போகாது. இல்லை என்று பதில் வந்தால் அவற்றைத் தனியாக வாங்க ஆகும் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.